தம்பி வேலைக்குப் போன காலம்

என் தம்பிக்கு முதன்முதலாக வேலை கிடைத்தபோது அவனுக்கு முப்பது வயது. அதுவரைக்கும் அவனை யாரும் எந்த வேலைக்கும் கேட்டதில்லை. ஊரில் கலியாணவீடு, செத்தவீடு என்றால் கதிரை தூக்கவும் பந்தல் பிரிக்கவும் அவனைத் தேடுவார்கள். முடிந்ததும் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது உதவி. வேலை என்பது வேறு என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் ஊர்காவற்றுறையில் கடற்கரையோரத்து ஆட்கள். அப்பா கடற்றொழில் செய்தவர். சண்டையால் எங்கள் தீவை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலத்தில்தான் தம்பி பிறந்தான். எனக்கு அப்போது எட்டு வயது. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் அம்மாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. வகுப்பறை ஒன்றில் மேசைகளை அடுக்கி, சேலையால் மறைப்புக் கட்டி, அதற்குப் பின்னால்தான் பிரசவம் நடந்தது. பிள்ளை பிறந்தும் அழுகைச் சத்தம் வரவில்லை. மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அவன் அழுதான். மூச்சு வரப் பிந்தியதால்தான் அவன் இப்படி ஆனான் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

இப்படி என்றால், அவனுக்கு எழுத்து ஏறவில்லை. கதைப்பான், சிரிப்பான், கோயிலில் எல்லாப் பாட்டும் பாடுவான். ஒரு காரியத்தைப் பொறுமையாகப் பழக்கிவிட்டால் பிறகு மறக்கமாட்டான். ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகச் சொன்னால் குழம்பிப்போவான். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். ஒருமுறை அம்மா சந்தையில் அவனை ஒரு மரத்தடியில் விட்டு, "இதிலை நில், வாறன்" என்று சொல்லிப் போனவர், நடுவில் மழை பிடித்து ஒரு கடைக்குள் ஒதுங்கிவிட்டார். மழை விட்டுத் திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் தலையிலிருந்து கால்வரை நனைந்தபடி நின்றான். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லையாம்.

அப்பா நோயில் போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "எனக்குப் பிறகு இவன் என்ன செய்வான் பிள்ளை?" நான் இருக்கிறேனே என்று சொன்னால், "நீயும் மனுசிதானே" என்பார்.

ஒருநாள் எங்கள் பகுதிப் பொதுமண்டபத்தில் அரசாங்கத்தின் நடமாடும் சேவை நடந்தது. அடையாள அட்டை, பிறப்புப் பதிவு என்று ஆளுக்கொரு மேசை. கடைசி மேசையில் ஓர் இளம்பெண் தனியாக இருந்தாள். வேலை தேடுகிறவர்களைப் பதிந்து, பயிற்சிக்கு அனுப்பி, வேலை எடுத்துக் கொடுக்கிற பிரிவு அது. அவள் முன்னால் கூட்டமே இல்லை. அம்மா வேறு அலுவலுக்குத்தான் போயிருந்தார். கால் உளைகிறது என்று அந்தக் காலிக் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் தம்பியும் பின்னால் நின்றோம்.

அந்தப் பிள்ளை தம்பியைப் பார்த்துவிட்டு, "இவர் வேலைக்குப் போறவரோ அம்மா?" என்று கேட்டாள்.

அம்மா சிரித்தார். "இவனுக்கு ஒண்டும் ஏலாது மிஸ்."

"ஏலாததைப் பேந்து பாப்பம். ஏலுமானதைச் சொல்லுங்கோ."

அப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. அவனுக்கு என்ன முடியாது என்று கேட்டிருந்தால் நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்போம். நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, தம்பியே சொன்னான்: "தண்ணி அள்ளுவன். மீன் பெட்டி தூக்குவன். கோயில் கூட்டுவன். ஏச்சு விழுந்தா அழமாட்டன்."

அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

அடுத்த மாதமே அவனுக்கு யாழ்ப்பாணத்தில் பயிற்சி கிடைத்தது. வெதுப்பகப் பயிற்சி. அதாவது பேக்கரியில் பாண், பணிஸ் போடுகிற வேலை. அவனைப் போல எளிதில் வேலை கிடைக்காதவர்களுக்கென்று நடத்திய வகுப்பு அது. காது கேளாதவர்கள், கால் இழந்தவர்கள், புருசன் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்கள் என்று பலரும் இருந்தார்கள். முதல் இரண்டு கிழமையும் நான் விடுப்பு எடுத்து அவனோடு பஸ்ஸில் போய்வந்தேன். பிறகு அம்மா. அதற்குப் பிறகு தனியாகப் போகப் பழக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை பிடிவாதமாக நின்றாள். ஒரு காலையில் அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவன் காணாதபடி தானும் அதே பஸ்ஸின் பின்கதவால் ஏறிப் போயிருக்கிறாள். பண்ணைப் பாலம் கடந்து, இறங்கவேண்டிய இடத்தில் சரியாக இறங்கி, வீதியைக் கடந்து, பயிற்சி நிலையத்துப் படலைக்குள் அவன் போனதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, போயிட்டான்! தனியப் போயிட்டான்!" என்று கத்தினாள். நான் வகுப்பில் நின்றேன். பிள்ளைகளெல்லாம் என்னைப் பார்க்க, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயிற்சி முடிந்தபோது அவனுக்கு இடம் தேடி அவள் எத்தனையோ கடைகளில் ஏறி இறங்கினாள். பாவம் என்றவர்கள் பலர். வேலைக்கு வரச் சொன்னவர்கள் இல்லை. கடைசியில், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் பெரிய வீதியோரமாக இருந்த ஒரு பேக்கரிக்காரர் சம்மதித்தார். முதல் சில மாதங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒரு திட்டத்தால் கொடுப்பார்கள் என்று அவள் அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் அவர் சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர். தன் கையாலேயே தம்பிக்கு வேலை பழக்கினார். தட்டுகளுக்கு எண்ணெய் பூசுவது, மா உருண்டைகளை அச்சில் வைப்பது, போறணை அடுப்பில் இருந்து வந்த தட்டுகளை ஆறவிட்டுத் தேய்த்துக் கழுவி அடுக்குவது. இவ்வளவுதான் அவன் வேலை.

இவ்வளவுதான் என்று நான் எழுதுகிறேன். அவனுக்கு அது அப்படி இல்லை. வெள்ளாப்பில் எழும்பி, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பான். "போட்டு வாறன் அம்மா, பாண் போடவேணும்" என்பான். எங்கள் தீவுப்பகுதி முழுவதும் அன்றைய பாணுக்கு அவனையே நம்பியிருக்கிறது போல ஒரு அவசரம் குரலில் இருக்கும். மத்தியானம் திரும்பி வரும்போது கடதாசியில் சுற்றிய பாண் ஒன்று கையில் இருக்கும். அம்மா அதுவரைக்கும் பாண் விரும்பிச் சாப்பிடாதவர். சூடு ஆறமுதல் பிட்டுத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு நல்லா வெந்திருக்கு" என்பார். ஒவ்வொரு நாளும் அதையேதான் சொல்வார். அவன் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கக் காத்துநிற்பான்.

ஊரிலும் அவனைப் பார்க்கும் விதம் மாறியது. அதுவரைக்கும் அவன் "அந்தப் பெடியன்". இப்போது "பேக்கரித் தம்பி". சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குக் கதிரை அடுக்க வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவன் முற்றத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு லீவு இல்லை" என்றான். வந்தவர் திகைத்துப்போனார். அவர் போன பிறகு குசினிக்குள் நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா படுக்கப்போகும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். அவர் குறட்டை விட்டு நித்திரை கொள்வதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்தக் காலத்தில்தான்.

பிறகு நாட்டில் எல்லாம் இல்லாமல் போன வருடம் வந்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, டீசலுக்கு வரிசை. கடலுக்குப் போகிறவர்கள் வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு அவற்றின் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். மா இறக்குமதி நின்றது. பேக்கரியில் போறணை மூட்டுவது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, பிறகு கிழமைக்கு ஒருநாள் ஆகி, கடைசியில் அதுவும் இல்லையென்று ஆனது.

அன்றைக்குத் தம்பி காலையிலேயே திரும்பி வந்துவிட்டான். கையில் பாண் இல்லை.

"ஏன் ராசா, கெதியா வந்திட்டாய்?" என்று அம்மா கேட்டார்.

"மா இல்லையாம். மா வந்தால் கூப்பிடுறன் எண்டு முதலாளி சொன்னவர். வீட்டிலை நிக்கட்டாம்."

அதை அவன் கவலையோடு சொல்லவில்லை. வேலை சம்பந்தமான ஒரு தகவல் போலத்தான் சொன்னான். வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்தான். கூப்பிட்டால் உடனே போடவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தான்.

முதற் கிழமை வீட்டிலேயே நின்றான். பிறகு, "மா வந்திட்டுதோ எண்டு பாத்திட்டு வாறன்" என்று சைக்கிளில் போகத் தொடங்கினான். போவான், பூட்டிய கடைக்கு முன்னால் கொஞ்சநேரம் நிற்பான், திரும்பி வருவான். "இன்னும் வரேல்லை." எல்லா வீட்டிலும் அந்த நாட்களில் இல்லை, வரவில்லை என்ற பேச்சுத்தான். அதனால் அவன் சொன்னது எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. நாங்களும் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் அப்படித்தானே காத்திருந்தோம்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் பிற்பகல், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தால் ஓடி வந்தான். தலைமயிர், முகம், சேர்ட் எல்லாம் வெள்ளை. கோதுமை மா.

"அக்கா, மா வந்திட்டுது! லொறியிலை வந்திட்டுது! நானும் இறக்கினனான்!"

லொறி நிற்பதைக் கண்டு ஓடிப்போய், கூலிக்கு வந்தவர்களோடு சேர்ந்து அவனும் மூட்டை சுமந்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. முடிந்ததும் முதலாளி ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்து, "போட்டு வா தம்பி, பேந்து பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா அன்று பொழுதுபடமுன் சேர்ட்டைத் தோய்த்து, காயாது என்று அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டார். எனக்கும் சந்தோசம்தான். மறுநாள் விடியமுன்னரே அவன் போய்விட்டான். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"என்ன ராசா?"

"இன்னும் கூப்பிடேல்லை."

"மா வந்திட்டுது எண்டாய்?"

"வந்திட்டுது." கொஞ்சம் யோசித்தான். "என்னைக் கூப்பிடேல்லை."

இந்த இரண்டையும் அவனால் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. மா வந்தது ஒன்று. கூப்பிடாதது வேறொன்று. மா வந்தும் கூப்பிடாமல் இருப்பார்கள் என்பதற்கு அவனுக்குள் இடமே இருக்கவில்லை.

சில நாட்களில் பேக்கரியிலிருந்து பாண் விற்க வரும் ஓட்டோ பழையபடி பாட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. தம்பி படலைக்கு ஓடினான். ஓட்டோ ஓட்டிவந்தவர் அவனோடு வேலை செய்தவர். அவர் இறங்கிவந்து தம்பியின் தோளில் தட்டி, ஒரு பணிஸை எடுத்து அவன் கையில் வைத்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்தநாள் முன்பள்ளி விட்டதும் நான் பேக்கரிக்குப் போனேன். முதலாளி என்னைக் கண்டவுடன் எழுந்து நின்றார்.

"வாங்கோ ரீச்சர். நானே வரவேணும் எண்டிருந்தனான்."

"தம்பியைக் கூப்பிடுவியள் எண்டு அவன் பாத்துக்கொண்டு இருக்கிறான்."

அவர் மேசையில் கிடந்த மாத் தூசியைக் கையால் வழித்துக்கொண்டே நின்றார்.

"ரீச்சர், நான் ஒளிக்காமல் சொல்லுறன். முந்தி அஞ்சு பேர் நிண்ட இடத்திலை இப்ப ரெண்டு பேரை வைச்சுத்தான் ஓட்டுறன். நிக்கிறவன் மாவும் குழைக்கவேணும், போறணையும் பாக்கவேணும், ஓட்டோவும் ஓடவேணும். தம்பி தன்ரை வேலையை வடிவாச் செய்வான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒரு வேலைக்கு ஒரு ஆள் வைக்க எனக்கு இனி ஏலாது. அந்தத் திட்டக்காசும் எப்பவோ முடிஞ்சுது."

"அப்ப அதை அவனுக்குச் சொல்லுங்கோவன்."

"எனக்கு வாய் வரேல்லை ரீச்சர். நீங்கள் சொல்லிவிடுங்கோ."

"நீங்கள்தானே கூப்பிடுறன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்," என்றார். "சொன்னனான்." எனக்கு அவரோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. பின்னால் போறணைப் பக்கம் பார்த்தேன். கழுவாத தட்டுகள் கோணல்மாணலாகக் குவிந்து கிடந்தன.

வீட்டுக்கு வந்து, அவனைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "தம்பி, இனி உனக்கு அங்கை வேலை இல்லையடா."

"மா வந்திட்டுதே அக்கா."

"மா வந்தாலும் இல்லை."

"முதலாளி சொன்னவர்." என்னைப் பார்த்துச் சிரித்தான். விஷயம் தெரியாத சின்னப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "உனக்குத் தெரியாது அக்கா. நீ அங்கை வேலை செய்யேல்லைத்தானே."

தம்பிக்கு வேலை எடுத்துத் தந்த கந்தோர்ப் பிள்ளைக்கு நான் செய்தி சொன்னேன். அவள் அன்றைக்கே வந்தாள். வாசலில் நின்றபடியே, "நான் வேறை இடம் பாக்கிறன் அக்கா, நீங்கள் யோசியாதையுங்கோ" என்றாள். அவளைப் போல வேலை தேடி அலைந்தவர்களை நான் கண்டதில்லை. தனக்காக அல்ல, எவனோ ஒருவனுக்காக. அந்த நாட்களில் வேலையில் இருந்த ஆட்களையே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் நண்டு பதனிட்டு அனுப்புகிற ஓர் இடத்தில் பெட்டிகள் கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அவர்களிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

தம்பி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டான். பிறகு மரியாதையாகச் சொன்னான்:

"எனக்கு வேலை இருக்கு மிஸ்."

"தெரியும் தம்பி. இது வேறை வேலை. அதுவும் நல்ல வேலை."

"நான் பேக்கரியிலை வேலை. நீங்கள்தானே எடுத்துத் தந்தனீங்கள். மறந்திட்டியளோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெறுமனே அங்கே நின்றிருக்கிறார்.

அவள் அதோடு விடவில்லை. ஒருநாள் தன்னுடைய ஸ்கூட்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டினாள். அவன் படலைக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே போக மறுத்துவிட்டான். தான் இங்கே சேர்ந்துவிட்டால் முதலாளி கூப்பிடும்போது ஆள் இருக்கமாட்டான் என்பது அவன் நியாயம். அவனுக்குக் கிடைக்கவிருந்த இடம் இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்ற ஒரு பெண்ணுக்குப் போனது. அந்த மனுசிக்கும் தேவைதான். அதில் எனக்குக் குறை இல்லை.

வீட்டில் நான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் அம்மா என்னைத் தடுத்தார். அவர் அப்போது சீனி வருத்தம் கூடி, கால் வீங்கி, கட்டிலோடு ஆகிவிட்டிருந்தார்.

"விடு பிள்ளை. நான் இருக்குமட்டும் அவன் வேலைக்காரனாவே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அவன் தினமும் காலையில் சைக்கிளில் போய்வந்தான். அம்மா கட்டிலில் கிடந்தபடி, "கவனமாப் போட்டு வா அப்பன்" என்று வழியனுப்பினார். பாண் இல்லாத மத்தியானங்களில் அம்மா எதுவும் கேட்கமாட்டார். அவனும் எதுவும் சொல்லமாட்டான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வீங்கிய காலைத் தடவிக்கொண்டிருப்பான்.

மாரிமழை தொடங்கிய நேரம் அம்மா யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் கண்ணை மூடினார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தோம். ஊரெல்லாம் வந்தது. பேக்கரிக்காரர் வந்திருந்த ஆட்களுக்கென்று ஒரு பெட்டி நிறையப் பணிஸ் அனுப்பியிருந்தார். பின்னேரம் அவரே வந்தார். அம்மாவின் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு ஆண்கள் இருந்த பந்தலுக்குப் போய் ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

தம்பி அதுவரைக்கும் அம்மாவின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அழவுமில்லை. முதலாளியைக் கண்டதும் எழுந்தான். சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு பந்தலுக்குள் போய் அவர் முன்னால் நின்றான். நானும் பின்னால் போனேன்.

"முதலாளி, அம்மா செத்துப்போனா."

"ஓம் தம்பி. பாத்தனான்."

"அதாலை எனக்கு லீவு வேணும். நாளைக்குக் கூப்பிட்டாலும் வர ஏலாது. கோவியாதையுங்கோ."

ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் அவன் கதை தெரியும். முதலாளி எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"எடு தம்பி," என்றார். "வேணுமான அளவு லீவு எடு."

"சம்பளம் வெட்டுவியளோ?"

"இல்லையடா. வெட்டமாட்டன்." பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். தம்பி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அவர் அம்மாவுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, அதுவரைக்கும் அழாதவன் அப்போதுதான் அழத் தொடங்கினான். எனக்கு அவனைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்கள்தான் அவனைத் தாங்கிக்கொண்டார்கள். மழை விட்ட இடைவெளி பார்த்து அம்மாவை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், "லீவு முடிஞ்சுது அக்கா" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்தான். நான் படலையைத் திறந்துவிட்டேன். அன்று அவன் கெதியாகவே திரும்பி வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக அறைக்குள் போய்ப் பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

என்ன நடந்தது என்று முதலாளி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், மா மூட்டையின் மேல் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கூப்பிடுகிறேன் என்றது பொய்யில்லை, அன்றைக்குக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன், இனி என்னால் ஏலாது, நீ காத்துக்கொண்டு நிற்கவேண்டாம் என்று. தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஏதும் பிழை விட்டனானோ?" என்று மட்டும் கேட்டானாம். இல்லை என்று அவர் சொல்ல, "அப்ப ஏன்?" என்றானாம். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். அவன் மறுபடியும் "அப்ப ஏன்?" என்றானாம்.

"செத்தவீட்டிலை கேட்டானே ரீச்சர், அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையே இல்லை," என்றார் அவர். "அவனுக்கு முகத்துக்கு நேரை சொல்லவேணும் எண்டு நினைச்சன். சொல்லியும் நித்திரை வராது எண்டு இப்ப தெரியுது."

அதற்குப் பிறகு தம்பி அந்தப் பக்கம் போகவில்லை. எந்தப் பக்கமும் போகவில்லை. சைக்கிளை ஒருநாள் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கேட்டுவந்தார். தம்பியிடம் கேட்டேன். கொடு என்று தலையை ஆட்டினான். பாண் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் வரும்போது எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவான். நான் பாண் வாங்குவதை நிறுத்திவிட்டேன். புட்டும் இடியப்பமும்தான்.

கந்தோர்ப் பிள்ளைக்கு மாற்றலாகிவிட்டது. போகமுதல் விடைபெற வந்தாள். தம்பியின் பக்கத்தில் கீழே நிலத்தில் நீண்டநேரம் உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போது படலையில் நின்று என்னிடம், "நான் அண்டைக்கு அந்தக் கேள்வியைக் கேக்காமல் விட்டிருக்கலாம் அக்கா" என்றாள்.

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ மிஸ். என்ரை அம்மா ஒரு வருசம் நிம்மதியா நித்திரை கொண்டவா."

அதை அவளுடைய ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு உண்மை என்றே பட்டது. ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு அவன் கொடுத்த விலை பெரிது. அவன் வேலை இல்லாமல் முப்பது வருடம் இருந்தவன்தான். அப்போதெல்லாம் அவனுக்கு எதுவும் குறைவாகத் தெரிந்ததில்லை. இப்போது வேலை இல்லாதவன் என்பது அவனுக்குத் தெரியும்.

இப்போது நான் முன்பள்ளிக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வேம்புக்குக் கீழே இருப்பான். பிள்ளைகள் போய் அவனோடு ஏதேனும் கதைக்கும். சிலநேரம் பதில் சொல்வான். இரத்த அழுத்தம் என்று எனக்கும் வைத்தியர் குளிசை எழுதித் தந்திருக்கிறார். போன கிழமை நான் குளிசை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அக்கா, நீயும் செத்துப்போவியோ?" என்று கேட்டான்.

"ஒருநாளைக்கு, ஓம்."

"அப்ப நான்?"

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நான் குடித்துவிட்டு வைத்த தண்ணீர்க் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனான்.